கோலார் தங்கவயல்: சொந்தக் கணக்கைப் படிக்க முடியாத கடைக்காரர்கள்

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை வியாபாரிகளுக்கு மாதத்தில் இரண்டு தேதிகள் வயிற்றைக் கலக்கும். 11-ம் தேதி, விற்ற சரக்குக்கான பில் விவரங்களை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றக் கடைசி நாள். 20-ம் தேதி, வரியைக் கட்டி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். ஐந்து கோடி ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போட்டுக்கொள்ளலாம். அவர்களுக்குத் தேதி கொஞ்சம் தள்ளிப்போகும், கலக்கம் அப்படியேதான் இருக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடையில் எது ஓடுகிறது, எது தேங்கிக் கிடக்கிறது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் இந்த மாதம் வரி எவ்வளவு வரும் என்று கேட்டால், "அக்கவுன்டன்ட் தம்பி வந்து பார்த்துச் சொல்லணும்" என்பார்.

இது படிக்காதவர்களின் குறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் இதே திணறலில்தான் இருக்கிறார்கள். இயந்திரத்தைக் கண்டு மிரளும் ஊரும் இதுவல்ல. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த இடம் தங்கவயல். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இங்கே கடை நடத்துகிறார்கள். கம்ப்யூட்டர் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. வியாபாரம் நடக்கும் விதம் ஒன்று, கணக்கு மென்பொருள் கேட்கும் விதம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை ஒவ்வொரு மாதமும் கடைக்காரர் தன் கைக்காசைப் போட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. கடை அவருடையது, சரக்கு அவருடையது, நஷ்டம் வந்தால் அதுவும் அவருடையது. அவற்றின் கணக்கை மட்டும் வேறொருவர் வந்து படித்துச் சொல்ல வேண்டும் என்ற நிலை சரியில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பாக்கி நோட்டில் வளர்ந்த ஊர்

தங்கவயலின் வியாபாரம் கடனில் வளர்ந்தது. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு, வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்து சேர்ந்தார்கள். சம்பளம் வரும்வரை அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடைக்காரர் கொடுத்தார். சம்பள நாளில் கணக்குத் தீர்ந்தது. மறுநாளே புதுக் கணக்கு தொடங்கியது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் தங்கத்தை வெளியே அனுப்பிய சுரங்கம், 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அப்போது சுரங்கத்தை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் கதவைச் சாத்தியதும் சம்பள நாள் என்பதே ஊரில் இல்லாமல் போனது. கடன் வாங்கியவரிடம் கேட்கவும் முடியாமல், எழுதிய பாக்கியை அடிக்கவும் மனம் வராமல் கடைக்காரர்கள் தவித்த காலம் அது.

இன்று மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் விடியும் முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சம்பளம் இப்போது அங்கிருந்து வருகிறது. "ஒண்ணாம் தேதி தந்துடறேன் அண்ணாச்சி" என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. ஆகவே இந்த ஊர்க் கடையில் எந்தக் கணக்கு மென்பொருள் வந்தாலும், அது முதலில் பாக்கியை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அங்கேதான் முதல் இடறல்.

பாக்கி நோட்டின் ஒரு பக்கத்தைப் பாருங்கள். "கண்ணியப்பன், சாம்பியன், தண்ணி டேங்க் பக்கத்து லைன்" என்று தலைப்பு. கீழே தேதி, தொகை, நடுநடுவே "மருமகன் வாங்கினது" என்று ஒரு குறிப்பு. ஆளும் தெரிகிறது, வீடும் தெரிகிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரிகிறது. இதே ஆளை மென்பொருளில் ஏற்றும்போது பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். கண்ணியப்பனை ஆங்கிலத்தில் எழுத நாலைந்து விதம் உண்டு. ஒரு நாள் ஒரு 'என்', மறுநாள் இரண்டு 'என்', வேறொரு நாள் நடுவில் ஒரு 'ஒய்' விழுகிறது. மென்பொருளுக்கு அவர்கள் மூன்று பேர். ஒருவர் பெயரில் பாக்கி நிற்கும், இன்னொருவர் பெயரில் வரவு நிற்கும், மூன்றாமவர் முன்பணம் கொடுத்தவராகத் தெரிவார். வருஷக் கடைசியில் இவற்றை ஒன்றாக்க ஒரு நாள் போய்விடும். மருமகன் வாங்கியதை எழுதவோ பல திட்டங்களில் இடமே இருக்காது. குறிப்புப் பெட்டி இருந்தாலும் பில் போடும் அவசரத்தில் அதை யாரும் திறப்பதில்லை.

ரொக்கக் கணக்கும் இப்படித்தான். சரக்கு வாங்கிய பில்லை அந்தந்தத் தேதியில் ஏற்றிவிடுகிறார்கள். பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் நடக்கும் சில்லறை விற்பனையை மாதக் கடைசியில் மொத்தமாக ஒரே வரியில் போடுகிறார்கள். விளைவு, கல்லாவில் பணம் இருக்கும். திரையில் ரொக்க இருப்பு மைனஸில் நிற்கும். இல்லாத பணத்தைச் செலவு செய்ததாகக் கணக்கு காட்டினால், ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியே அதுதான். கணக்கர் என்ன செய்வார்? முதலாளி வீட்டிலிருந்து பணம் கொண்டுவந்து போட்டதாக ஒரு என்ட்ரி போட்டு மைனஸைச் சரிசெய்வார். நடக்காத ஒன்று கணக்கில் ஏறிவிட்டது. கடைக்காரருக்கு அது தெரியவே தெரியாது.

மூன்று மாநில எல்லையில் ஒரு பில்

தங்கவயலுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. இது கர்நாடகம், ஆனால் பக்கத்திலேயே ஆந்திரத்தின் குப்பமும் வி.கோட்டாவும், சற்றுத் தள்ளி தமிழ்நாட்டின் குடியாத்தம், வாணியம்பாடி. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைச் சொல்லும். கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37. ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். தீப்பெட்டி குடியாத்தத்திலிருந்து வருகிறது, சோப்பும் பிஸ்கட்டும் பெங்களூரிலிருந்து. முதல் பில்லில் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி. இரண்டாவதில் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. மென்பொருள் இதைத் தானாகப் பிரித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சரக்கு அனுப்பியவரின் மாநிலத்தை முதல் தடவை பதியும்போதே தவறாகக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு ஏறும் ஒவ்வொரு பில்லும் தவறாகவே ஏறும். திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. கூட்டல் சரியாகவே இருக்கும்.

வரியைத் தவறான தலைப்பில் கட்டிவிட்டால் தீர்வு என்ன தெரியுமா? சரியான தலைப்பில் அதே தொகையை மறுபடி கட்ட வேண்டும். முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வட்டி கிடையாது என்பது ஒரு சலுகை. ஆனால் மாதக் கணக்கில் முடங்கிக் கிடக்கப்போகும் அந்தப் பணம், சின்னக் கடையில் ஒரு லோடு சரக்கின் விலை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தொகுப்பு வரித் திட்டத்துக்குப் போனால், ஒன்றரைக் கோடி விற்றுமுதல் வரை வியாபாரிகளுக்கு ஒரு சதவீத வரி, மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, வேலை சுலபம். ஆனால் அந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. குப்பத்திலிருந்தும் வி.கோட்டாவிலிருந்தும் வரும் சில்லறைக் கடைக்காரர்களை நம்பி மொத்த வியாபாரம் செய்பவர் என்ன செய்வார்? டெல்லியில் உட்கார்ந்து எழுதப்பட்ட விதிகள், எல்லையோர ஊரின் வியாபாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அரிசியைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு ஐந்து சதவீத வரி. அதே அரிசியை மூட்டையைப் பிரித்து அளந்து கொடுத்தால் வரி இல்லை. 26 கிலோ மூட்டைக்கும் வரி இல்லை. சந்தையில் 26 கிலோ மூட்டைகள் வரத் தொடங்கியது அதனால்தான். கடையில் இருப்பது ஒரே அரிசி. மென்பொருளில் அது இரண்டு மூன்று சரக்குகள். பை பிரித்துச் சில்லறையாக விற்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இருப்பை மாற்றி எழுத வேண்டும். கூட்டம் நிற்கும் மாலை வேளையில் எந்தக் கடைக்காரர் அதைச் செய்வார்?

2025 செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கிய திங்கட்கிழமை, வரி விகிதங்கள் மாறின. பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18-லிருந்து ஐந்துக்கு இறங்கின. மக்களுக்கு நல்லது, வரவேற்க வேண்டியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கும் திங்கட்கிழமை காலைக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான சரக்குகளின் விகிதத்தைத் திருத்தி வைக்க வேண்டியிருந்தது. 18 சதவீதத்தில் வாங்கிய பழைய சரக்கை ஐந்தில் விற்றார்கள். கட்டிய கூடுதல் வரி அவர்கள் வரவுக் கணக்கில் நின்றது. மற்ற விற்பனை வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. கழிக்கும் அளவுக்கு வேறு விற்பனை வரி சின்னக் கடையில் எங்கே இருக்கிறது?

தம்பியின் செல்போனில் இருக்கும் கடை

இந்த வேலைகளையெல்லாம் செய்பவர் பெரும்பாலும் ஒரு பகுதிநேரக் கணக்கர். டேலி என்ற கணக்கு மென்பொருளைப் படித்த இளைஞர் அல்லது இளம்பெண். ஒரே ஆள் பல கடைகளுக்குப் பார்ப்பார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கொடுக்கும் சம்பளத்துக்கு மீறிய வேலை, தேதி நெருங்கினால் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பு, தவறு நேர்ந்தால் திட்டு. குறை அமைப்பில் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு செய்யும்போதே, ஓடிபி கேட்டு முதலாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கணக்கரின் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தக் கணத்திலிருந்து கடைக்கு வரும் அரசுக் கடிதம் எதுவும் கடைக்காரரைத் தேடி வராது. கணக்கர் வேறு வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டால், கடையின் சாவியும் அவரோடு போய்விடும்.

சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன ஜிஎஸ்டி வழக்குகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. நோட்டீஸைத் தளத்தில் ஏற்றியிருப்பார்கள். வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தில் இல்லாமல் 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்ற வேறொரு பகுதியில் அது இருக்கும். வியாபாரிக்குத் தெரியாது, பதில் போகாது, ஆணை வந்துவிடும், வங்கிக் கணக்கு முடங்கிய பிறகுதான் விஷயம் தெரியும். இப்படிப்பட்ட பல வழக்குகளில், தகராறில் இருக்கும் வரியில் பத்து சதவீதத்தைக் கட்டச் சொல்லி, ஆணையை ரத்து செய்து, மறுபடி விசாரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நீதிமன்றம் வரை போக வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் உள்ளவருக்கு அந்த நிவாரணம். மற்றவருக்கு?

வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழிப்பதிலும் கடைக்காரரின் கை கட்டப்பட்டிருக்கிறது. 2022 ஜனவரி முதல், சரக்கு விற்றவர் தன் பில்லைத் தளத்தில் ஏற்றி, அது வாங்கியவரின் 2பி அறிக்கையில் வந்தால்தான் வரவு. பணம் கொடுத்தாயிற்று, பில் கையில் இருக்கிறது, சரக்கு அலமாரியில் இருக்கிறது; குடியாத்தத்து மொத்த வியாபாரி ஏற்ற மறந்துவிட்டாலோ, 15 இலக்க எண்ணைத் தவறாக அடித்துவிட்டாலோ வரவு இல்லை. யாரோ செய்த தட்டச்சுப் பிழைக்கு இங்கே ஒருவர் பணம் கட்டுகிறார்.

நோட்டீஸ் வந்த ஜூலை

அப்படியானால் மென்பொருளும் வேண்டாம், பதிவும் வேண்டாம், நோட்டே போதும் என்று இருந்துவிடலாமா? 2025 ஜூலையில் கர்நாடகம் முழுக்க இதற்கு விடை கிடைத்தது. 2021-22 முதல் நான்கு ஆண்டுகளின் யுபிஐ வரவைப் பார்த்து, மாநில வணிக வரித்துறை ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு நான்கு ஆண்டில் 1.63 கோடி ரூபாய் வரவு வந்ததென்று 29 லட்சம் கேட்டார்கள். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. பெங்களூரில் கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டின. ஜூலை 25-ல் கடையடைப்பு என்று அறிவித்தார்கள். 23-ம் தேதி முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், ஆனால் விற்றுமுதல் வரம்பைத் தாண்டியவர்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொன்ன பிறகு போராட்டம் கைவிடப்பட்டது.

தங்கவயல் கடைக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவருடைய க்யூஆர் அட்டைக்கு வருவது விற்பனைப் பணம் மட்டும் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு அனுப்பும் பணம், சீட்டுப் பணம், கைமாற்றாகக் கொடுத்தது திரும்பி வருவது, எல்லாம் அதே கணக்கில்தான் விழுகின்றன. வங்கிக்கும் வரித்துறைக்கும் அது மொத்தமாக ஒரே தொகை. எது வியாபாரம், எது வீடு என்று பிரித்துக் காட்டக் கையில் கணக்கு இருந்தாக வேண்டும். ஆகவே கணக்கு மென்பொருளை விட்டு ஓட வழியில்லை. அதனால்தான் அதன் குறைகளைப் பற்றிப் பேசுவது அவசியமாகிறது.

திரை சொன்னால் உண்மையா?

கம்ப்யூட்டர் காட்டும் தொகையே சாட்சி என்று ஒரு நாடு நம்பினால் என்ன ஆகும் என்பதை பிரிட்டனில் பார்த்தோம். அங்கே கிளை அஞ்சலகங்கள் பலவற்றைச் சிறு வியாபாரிகள் தங்கள் கடையோடு சேர்த்து நடத்துகிறார்கள். அவர்களில் நம் துணைக்கண்டத்திலிருந்து போன குடும்பங்களும் நிறைய. 1999 முதல் அவர்களுக்கு ஹொரைசன் என்ற கணக்குத் திட்டம் கட்டாயமாக்கப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனம் கொடுத்தது. கல்லாவில் பணம் சரியாக இருக்கும்போதே திரை குறைவு காட்டியது. குறைந்த பணத்தைக் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாதவர்கள் மேல் திருட்டு வழக்கும் பொய்க்கணக்கு வழக்கும் பாய்ந்தன. 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். கர்ப்பிணி ஒருவரும் சிறைக்குப் போனார். வேல்ஸில் அஞ்சலகம் நடத்திய ஆலன் பேட்ஸ், தன் ஒப்பந்தம் 2003-ல் பறிக்கப்பட்ட பிறகும் விடாமல் போராடினார். மென்பொருளில்தான் பிழை என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024 மே மாதம் தனிச் சட்டமே போட்டார்கள். 13 பேராவது இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறுகிறது.

அந்தச் சிறு வியாபாரிகளுக்குத் தங்கள் கணக்கின் உள்ளே போய்ப் பார்க்க வழி இல்லை. திரை காட்டிய கடைசித் தொகை மட்டும் கையில் இருந்தது. அது எப்படி வந்தது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. நம் ஊரில் அந்த அளவுக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை. ஆனால் தன் கணக்கைத் தானே சரிபார்க்க முடியாத கடைக்காரர் நிற்கும் இடம் அதிலிருந்து வெகு தூரமில்லை.

வியாபாரிக்காகவே பிறந்தது

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் வேறு. இந்தியக் கடைகளில் அதிகம் புழங்கும் டேலி, தங்கவயலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் ஒரு வியாபாரியின் எரிச்சலில்தான் பிறந்தது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிப் பாகங்களும் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் எதுவும் கிடைக்காமல், கணிதம் படித்த தன் மகன் பரத்திடம் ஒன்று எழுதித் தரச் சொன்னார். 1986-ல் நிறுவனம் தொடங்கினார்கள். அந்தக் காலத்து மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, அதை மனப்பாடம் செய்ய வேண்டும். பரத் கோயங்கா அந்த எண்களைத் தூக்கியெறிந்து, ஆளை அவர் பெயரிலேயே கணக்கில் எழுத வழி செய்தார். நாடு முழுக்க அது பரவியதற்கு அந்த எளிமை முக்கியக் காரணம். 2006-ல் வந்த டேலி 9 தமிழிலும் கன்னடத்திலும்கூட வேலை செய்தது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிறகு வந்த ஓகேகிரெடிட், காத்தாபுக், வ்யாபார் ஆகியவையும் பெங்களூரில் தொடங்கியவைதான். பாக்கி நோட்டையும் பில் புத்தகத்தையும் செல்போனுக்குக் கொண்டுவந்தவை.

தமிழில் பார்க்கும் வசதி வந்து இவ்வளவு காலம் ஆகியும், கடைத் திரைகளில் இன்னும் ஆங்கிலம்தான். ஏன்? பயிற்சி நிலையங்கள் ஆங்கிலத் திரையில் சொல்லிக்கொடுக்கின்றன. ஆடிட்டர் ஆபீஸ் ஆங்கிலத்தில் கேட்கிறது. ஜிஎஸ்டி படிவங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தொழில்நுட்பம் எப்போதோ தயார். அதைச் சுற்றியுள்ளவர்கள் தயாராகவில்லை. வரி விதிகள் மாற மாற, மென்பொருள் தயாரிப்பவர்களின் கவனமும் கல்லாவிலிருந்து விலகி வரித்துறையின் படிவத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்று புதிதாக வரும் திரைகளைப் பார்த்தால், படிவத்தின் கட்டங்களை நிரப்புவதற்காகவே கடை நடப்பதாகத் தோன்றும்.

நடக்கக்கூடிய காரியங்களையே கேட்கிறேன். மென்பொருள் தயாரிப்பவர்கள், இந்த மாதம் விற்றது எவ்வளவு, வரி எவ்வளவு, பாக்கி யாரிடம், ரொக்கம் எவ்வளவு என்று தமிழிலும் கன்னடத்திலும் ஒரே பக்கத்தில் கடைக்காரரின் செல்போனுக்கு அனுப்பட்டும். யார், எந்தத் தேதியில், எந்த என்ட்ரியைத் திருத்தினார்கள் என்பதை முதலாளி பார்க்க முடியட்டும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் இந்தத் திருத்தப் பதிவு கட்டாயம். தனி முதலாளி நடத்தும் சின்னக் கடைக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். வரித்துறை, நோட்டீஸைத் தளத்தில் ஏற்றியதோடு கடமை முடிந்தது என்று இருக்காமல், கடையின் விலாசத்துக்குத் தபாலிலும் அனுப்பட்டும். வியாபாரிகள் சங்கங்கள் ஆளுக்கொரு கணக்கர் என்று விடாமல், சங்கத்தின் பெயரில் நல்ல சம்பளத்துக்கு ஒரு தேர்ந்த கணக்கரை வைக்கட்டும்.

கடை நடத்தும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிட்டர்ன் போடும் முன் அதன் சுருக்கத்தைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் நோட்டோடு வைத்துப் பாருங்கள். புரியாத வரி எதுவானாலும், "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.